எண்ணெய் போட்ட நாக்கு

பேரணாம்பட்டுக்கு வெளியே, ஆற்றோரம், மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் அறுபது பேர் கையால் வேலை செய்தார்கள். ஒருவன் மட்டும் நாக்கால் வேலை செய்தான். அவன் பெயர் முனிரத்தினம்.

பேசிப் பிழைத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மயிரும் சவ்வும் போன பச்சைத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போடுவார்கள். அதற்கு எட்டுக் குழிகள் இருந்தன. ஒன்றாம் குழியில் பல தோல்களைக் கண்டு செத்துப்போன பழைய சாறு. எட்டாம் குழியில் புதுப் பட்டை இடித்துப் போட்ட காட்டமான சாறு. தோல் ஒன்றில் இறங்கி, குழிக்குக் குழி மாறி, எட்டில் கரையேற வேண்டும். எந்தக் குழியில் சாறு நீர்த்துவிட்டது, எதில் முறுகிவிட்டது என்று தினமும் காலையில் ஒருவன் வாயில் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் முந்நூறு தோல் நாசம். சரியாகச் சொன்னால் தோல் மதராஸ் போய்க் கப்பலேறும்.

முனிரத்தினம் ருசி பார்ப்பதை மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். குழிக்கரையில் குந்துவான். வலது உள்ளங்கையில் சாற்றை எடுப்பான். வாயில் விட்டு, கண்ணை மூடி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மூன்று தடவை உருட்டுவான். மேற்கே பார்த்துத் துப்புவான். கிழக்கே ஒரு நாளும் துப்பியதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். பிறகு, "நாலுக்கு ரெண்டு கூடை. ஏழு இருக்கட்டும்," என்பான். வைத்தியர் நாடி பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

இந்த வேலைக்கு ஷாப் மதிலை ஒட்டி ஒரு வீடு உண்டு. மற்ற கூலிக்காரர்கள் எல்லாம் ஓலைக் குடிசையில் இருக்க, இது ஒன்றுதான் ஓட்டு வீடு. வீடு நாக்குக்குச் சொந்தம். நாக்கு போனால் வீடும் போகும்.

இன்னொரு சலுகையும் உண்டு. அதை யாரும் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். மேஸ்திரி சர்தார் பாஷா தினமும் காலையில் ஒரு புங்கெண்ணெய் டின்னோடு வருவார். ஆனால் அதில் புங்கெண்ணெய் இருந்ததில்லை. ஓர் ஆழாக்கு சாராயம் இருக்கும். சாயபு ஐந்து வேளை தொழுகிறவர். அந்த வார்த்தை ஷாப்புக்குள் ஒலிப்பதை அவர் பொறுக்க மாட்டார். ஆகையால், "பாஷா, நாக்குக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்பார். வண்டி அச்சுக்கும் கிணற்றுக் கப்பிக்கும் போடும் எண்ணெயைப் பற்றியும் அதே குரலில்தான் கேட்பார்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் முனிரத்தினமே. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜலதோஷம் பிடித்த ஒரு நாள், கடையில் ஓர் ஆழாக்கு போட்டுவிட்டு வேலைக்கு வந்தான். அன்றைக்கு யாரும் சந்தேகப்படாத ஐந்தாம் குழியை நீர்த்திருக்கிறது என்றான். தோலின் ஓரத்தை அறுத்துப் பார்த்தார்கள். அவன் சொன்னது சரி. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சாயபு ஆச்சரியப்பட்டார். வாயில் வாடை வந்ததைச் சமாளிக்க வேண்டியிருந்ததால், "சாராயம் நாக்கைக் கழுவிடுது மொதலாளி. கழுவின நாக்குலதான் ருசி நிக்கும்," என்று சொல்லிவைத்தான். சொன்னது ஒரே வாக்கியம். பதினோரு வருஷம் அது அவனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்தது. நிலம் வைத்திருக்கிறவனுக்குக்கூட அப்படி விளைந்ததில்லை.

மூன்றே வருஷத்தில் நாக்கு செத்துவிட்டது. புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு எல்லாம் ஒன்றாகிவிட்டன. வைக்கோலைக் கடித்தாலும் வெல்லத்தைக் கடித்தாலும் அவனுக்கு ஒன்றுதான். இது ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் அவன் பெண்சாதி ரங்கம்மாள்.

ரங்கம்மாள் அதே ஷாப்பில் பட்டை இடித்துக் கூடையில் சுமக்கிறவள். நாள் முழுவதும் பட்டைத் தூள் உதட்டில் படிகிற வேலை. துவர்ப்பில் எத்தனை வகை உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புருஷன் தடுமாறுவதைப் பார்த்த நாளிலிருந்து, விடியற்காலை முதல் நடையிலேயே எட்டுக் குழியிலும் விரலைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு போவாள். நீர்த்த குழியின் கரையில் பட்டைத் துணுக்கு ஒரு பிடி சிந்தும். முறுகிய குழியின் கரையில் ஒரு ஆவாரங்குச்சி கிடக்கும். கூடை சுமக்கிற இடத்தில் பட்டை சிந்துவதை யார் பார்க்கப்போகிறார்கள்? முனிரத்தினம் பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் குந்துவான், உருட்டுவான், மேற்கே துப்புவான்.

இப்படி எட்டு வருஷம் ஓடிற்று. குழிகளை ஆண்டவள் அரைக்கூலிக்குக் கூடை சுமந்தாள். கரையைப் பார்த்துப் படித்தவனுக்கு முழுக்கூலி, ஓட்டு வீடு, எண்ணெய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம், வேலூரிலிருந்து மதுவிலக்குச் சங்கத்து ஐயா ஒருவர் வந்தார். அவர் கையில் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றும், சுருட்டிய படம் ஒன்றும் இருந்தன. சவ்வு சீவுகிறவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவன் ஒரு நாளில் எத்தனை தோல் சீவுகிறான் என்று ஒரு வாரம் எண்ணினார். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அதனால் சனிக்கிழமை கை நடுங்கும். ஆளுக்குப் பன்னிரண்டு தோல்தான் தேறும். செவ்வாய்க்கிழமைக்குள் நடுக்கம் அடங்கிப் பதினெட்டு ஆகும். ஐயா ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வருஷத்தால் பெருக்கி, சாயபுவிடம் காட்டினார். அல்லாவின் கட்டளையும் தன் லாபமும் ஒரே காகிதத்தில் ஒரே பக்கம் நிற்பதை சாயபு அன்றுதான் கண்ணால் கண்டார்.

கூலிக்காரர்களைக் கூட்டிவைத்து ஐயா படத்தை விரித்தார். குடிகாரனின் ஈரல், கறுப்பும் சிவப்புமாக எழுதியிருந்தது. தினம் தோலும் சவ்வும் பார்க்கிறவர்கள் அல்லவா? எல்லாரும் கிட்டே வந்து கவனமாகப் பார்த்தார்கள்.

"ஐயா, இது ஆட்டு ஈரல்," என்றான் பச்சையப்பன். தோலில் மயிர் கழற்றுகிற சுண்ணாம்புக் குழிக்காரன், வாய்க்காரன்.

"மனுசன் ஈரல்தாம்ப்பா."

"அப்பிடீங்களா? ஆடு எந்தக் கடையில குடிச்சுதோன்னு பார்த்தேன்."

ஐயாவும் சிரித்தார். நல்ல மனிதர். குடித்தால் ஈரலுக்கு என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். சுண்ணாம்புத் தண்ணீரில் தொடையளவு நின்றால் காலுக்கு என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் படம் இல்லை.

நாற்பது நாள் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். இந்துக்கள் கற்பூரம் அடித்தார்கள்; கிறிஸ்தவர்கள் வேதப் புத்தகத்தைத் தொட்டார்கள். ஒருவன் இரண்டையும் செய்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. நாற்பது நாளும் தாண்டுகிறவனுக்கு ஒரு வேட்டி என்றார் சாயபு. தாண்டாதவனுக்குச் சீட்டுக் கிழியும் என்றார் சர்தார் பாஷா.

"நாக்குக்கு விலக்கு உண்டு," என்று சாயபு தாழ்ந்த குரலில் சேர்த்தார்.

பச்சையப்பன் விடவில்லை. "இன்னா நாயம் மொதலாளி இது? அவன் நாக்கு குடிச்சாத் தோலு மினுக்குது. என் தோளு குடிச்சா மட்டும் வேலை கெட்டுப்பூடுதா? அவனுக்கு எண்ணெய்ன்னா எனக்கும் எண்ணெய். அவன் அச்சு, நான் சக்கரம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா, "என்ன எண்ணெய்?" என்று சாயபுவைக் கேட்டார். சாயபுவின் முகம் மாறிற்று. படித்தவர் ஒருவர் முன்னால் தன் ஷாப்பின் புங்கெண்ணெய் என்னவென்று விளக்க அவர் விரும்பவில்லை. "ஒண்ணுமில்லே. விலக்கு யாருக்கும் இல்லே. முனிரத்தினமும் சத்தியம் பண்ணுவான்," என்றார்.

முனிரத்தினம் சாயபுவின் முன்னால் வந்து நின்றான். "நாக்கு செத்துடும் மொதலாளி."

"நாப்பது நாள்தானே? அல்லா பார்த்துக்குவான்."

அவன் கற்பூரத்தை அடித்தான். எண்ணெய் போனது ஒரு துக்கம்தான். அதைவிடப் பெரிய துக்கம் மறுநாள் காலையில் வந்தது. பட்டைக் கூடைக்குள் கள் மொந்தையை வைத்துப் பெண்கள் உள்ளே கடத்துவதாகச் சர்தார் பாஷாவுக்குச் சந்தேகம். ஆதாரமில்லாத சந்தேகமும் அல்ல. ஆகவே நாற்பது நாளும் பெண்கள் வாசலிலேயே கூடையை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து ஆண்கள் சுமப்பார்கள். எந்தப் பெண்ணும் குழிப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

முனிரத்தினம் குழிகளுக்கு வந்தான். எட்டுக் கரையும் கூட்டிப் பெருக்கிய வாசல் போலத் துடைத்துக் கிடந்தன. குந்தினான், உருட்டினான், மேற்கே துப்பினான். வாயில் ஈரம் இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டுக்கு மூணு கூடை," என்றான். ஏதாவது சொல்ல வேண்டுமே.

அன்று மாலை வீட்டில் ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டுக்கு மூணு கூடையா? ரெண்டுல நேத்துதானேய்யா பச்சைத் தோலு மாறியிருக்குது! காட்டம் ஏறினா மேல்தோலு கதவைச் சாத்திக்கும்யா. அப்பால உள்ளே சாறு எறங்குமா?"

"அப்ப நாளைக்கு இன்னா சொல்றது?"

"நான் பார்க்காம எப்படிச் சொல்றது?"

"பார்க்கிறதுக்கு நான் கொண்டாந்து தர்றேன்மே."

முதலில் ஒரு புட்டியில் கொண்டுவரப் பார்த்தான். ஷாப்பிலிருந்து புட்டியோடு வெளியே போகிறவனைக் காவல்காரன் விடுவானா? மோந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கீழே கொட்டினான். மறுநாள் முனிரத்தினம் துண்டின் நான்கு முனைகளையும் நான்கு குழிகளில் நனைத்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தான். தோளில் போட்டுக்கொண்டு நடந்த வெயிலில் நான்கு சாறும் நடுவில் வந்து கலந்துவிட்டன. ரங்கம்மாள் ஒவ்வொரு முனையாகச் சப்பிப் பார்த்தாள்.

"இன்னா தெரியுது?" என்று கேட்டான்.

"நீ ரொம்ப நாளாத் துண்டு தொவைக்கலேன்னு தெரியுது."

அதற்குப் பிறகு அவன் வாரத்தில் எந்தக் குழிக்கும் மனத்தாங்கல் வராதபடி முறைவைத்துச் சொல்ல ஆரம்பித்தான். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. கோயிலில் பூசைமுறை போட்ட மாதிரி.

மற்றபடி ஷாப் செழித்தது. கை நடுங்கியவர்கள் பத்து நாளில் தெளிந்தார்கள். சனிக்கிழமையும் பதினெட்டுத் தோல் ஆயிற்று. ஒருவன் இருபது சீவினான். ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து அவனுக்குக் கைகொடுத்தார். கைகொடுத்தபின் கையை மோந்து பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள்.

முனிரத்தினமும் சத்தியத்தைக் காத்தான். பக்திதான் காரணம் என்று சொல்ல முடியாது; சீட்டுக் கிழிந்தால் வீடு போகும். முதல் வாரம் உடம்பு உதறிற்று. இரண்டாம் வாரம் தூக்கமில்லை. இருபத்தாறாம் நாள் மத்தியானம் கூழைக் குடித்துக்கொண்டிருந்தவன், "உப்பு கம்மி," என்றான்.

ரங்கம்மாள் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டாள். எட்டு வருஷமாக அவள் சமையலைப் பற்றி இவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள், "உன் வூட்டுக்காரன் மாதிரி குத்தம் சொல்லாதவன் உண்டா?" என்று பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

"இன்னா சொன்ன?"

"உப்பு கம்மின்னேன். மோரும் புளிச்சுக் கீது."

அவள் எழுந்து போய்ப் புளி கொண்டுவந்தாள்; வாயில் போட்டான்; முகம் சுளித்தது. கடுக்காய் கொண்டுவந்தாள்; சுளித்தது. தன் முந்தானையில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டி அவன் நாக்கில் வைத்தாள். அவன் வெகுநேரம் சப்பினான்.

"பழைய பட்டை. போன மழையில நனைஞ்சது," என்றான்.

அது உண்மை. ரங்கம்மாள் திரும்பி உட்கார்ந்து அடுப்பைக் கிளறினாள். அவள் அழுதாளா, புகையா என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் காலை முனிரத்தினம் எட்டு வருஷத்துக்குப் பிறகு குழிச் சாற்றை ருசி பார்த்தான். முதல் வாய் பட்டதுமே மேற்கு கிழக்கு பார்க்காமல் துப்பினான். ஒன்றும் இரண்டும் எட்டாம் குழியைப் போல முறுகியிருந்தன. எட்டு ஆற்றுத் தண்ணீர் போல இருந்தது. யார் இப்படிச் செய்த அயோக்கியன் என்று ஒரு கணம் அவனுக்கு ஆத்திரமே வந்தது. பிறகு நினைவு வந்தது. அன்றிலிருந்து சரியாகச் சொன்னான். குழிகள் மெல்லத் திரும்பின. ஆனால் கதவு சாத்திக்கொண்ட தோல், சாத்திக்கொண்டதுதான்.

முப்பத்தைந்தாம் நாள் சர்தார் பாஷா கரையேறிய தோலின் ஓரத்தை அறுத்துப் பார்த்தார். மேலும் கீழும் மஞ்சள். நடுவில் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. அடுத்ததை அறுத்தார். வெள்ளை. முந்நூறு தோலும் மேலே வெந்து உள்ளே பச்சையாக நின்றன.

சாயபுவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷம் எண்ணெய் போட்டோம். ஒரு தோல் கெடவில்லை. முப்பத்தைந்து நாள் நிறுத்தினோம், முந்நூறு கெட்டது. ஐயாவின் கணக்கைவிட இது சுலபமான கணக்கு. மறுநாள் காலை அவரே குழிக்கரைக்கு வந்தார். சர்தார் பாஷா டின்னோடு நின்றார். சத்தியம் இனி இல்லை என்ற செய்தி அதற்குள் பரவி, கத்தியைப் போட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். வாசல் காவலும் தளர்ந்ததால் பெண்கள் கூடையோடு உள்ளே வந்திருந்தார்கள். ரங்கம்மாளும் வந்தாள். வழக்கம்போல எட்டுக் குழியிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்றாள்.

"குடி," என்றார் சாயபு. பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றுதான்.

"வேணாம் மொதலாளி."

"என்னது?"

"இப்ப நல்லா ருசி தெரியுது. இது இல்லாமத்தான் தெரியுது."

"அரே! சாராயம் நாக்கைக் கழுவிடும்னு சொன்னது யாரு? நீயா நானா?"

"நாந்தான்."

"அது பொய்யா?"

முனிரத்தினம் வாயைத் திறந்தான். பொய் என்றால், அடுத்த கேள்வி, அப்படியானால் இத்தனை வருஷம் ருசி பார்த்தது யார் என்பது. ஓட்டு வீடு மதிலுக்கு மேலே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"குடிங்கண்ணே," என்றான் பச்சையப்பன், கூட்டத்திலிருந்து. "எங்களை நெனைச்சுக் குடிங்க. ஒங்க வாயில எறங்கினாத்தான் எங்க வாய்க்கு வழி."

"ஒரு வாய்ண்ணே!"

"சாமி மாதிரி நெனைச்சுக்கறோம், குடிண்ணே!"

ஒரு மனிதனைக் குடிக்காதே என்று சொல்ல வேலூரிலிருந்து ஓர் ஆள் வரவேண்டியிருந்தது. குடி என்று சொல்ல முதலாளி, மேஸ்திரி, அறுபது கூலிக்காரர்கள், இரண்டு மூன்று மதங்கள் எல்லாம் அங்கேயே தயாராக இருந்தன.

அவன் டின்னை வாங்கினான். ரங்கம்மாளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தாள். அவன் ஒரே மடக்கில் குடித்தான். முப்பத்தாறு நாள் காய்ந்த தொண்டையில் அது நெருப்பு மாதிரி இறங்கிற்று. நாக்கு அடியிலிருந்து நுனிவரை மரத்துப்போயிற்று.

"இப்பப் பாரு," என்றார் சாயபு.

முனிரத்தினம் குந்தினான். உள்ளங்கையில் சாற்றை எடுத்தான். உருட்டினான். ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து, வழக்கம்போல, கரைகளைப் பார்த்தான். ஒரு துணுக்குப் பட்டை இல்லை, ஒரு குச்சி இல்லை. ரங்கம்மாள் இரண்டு கையாலும் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தூள் சிந்தாமல் அவ்வளவு கவனமாக எந்தக் கூடைக்காரியும் நின்றதில்லை.

ஷாப்பில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். பழைய முறைப்படி அன்று நாலு. சொன்னால் இன்னொரு முந்நூறு தோல். அப்போதும் யாரும் அவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் பத்தவில்லை என்று இரண்டு ஆழாக்காக ஆக்குவார்கள். அவன் மேற்கே துப்பினான்.

"ரங்கம்மா," என்று கூப்பிட்டான். குரல் பெரிதாக வரவில்லை. "எதுமே?"

யாருக்கும் புரியவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஆறு நீர்த்துப் பூட்டுது. மூணு கூடை ஓணும். ரெண்டு இன்னும் காட்டம், பழஞ்சாறு ஊத்தி எறக்கணும். மத்ததைத் தொடாதீங்க."

"பொம்பளை சொல்றா!" என்று சர்தார் பாஷா சிரித்தார். சாயபு சிரிக்கவில்லை. அவர் வியாபாரி. ஆறாம் குழித் தோலில் ஒன்றை எடுத்து அறுக்கச் சொன்னார். இரண்டாம் குழியில் ஒன்று. அறுத்துப் பார்த்தார். பிறகு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு," என்றான். அவன் தலை நிமிரவில்லை.

சாயபு அவனைத் திட்டவில்லை. அவர் மனத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பிளை நாக்குக்கு முழுக்கூலி. பொம்பளை நாக்குக்கு அரைக்கூலி. இதை எட்டு வருஷம் முன்னாலேயே கண்டுபிடிக்காமல் போனோமே என்பதுதான் அவர் வருத்தம். "நாளையிலிருந்து இவளே பார்க்கட்டும். பொம்பளைக் கூலிதான். பாஷா, எண்ணெயை இவகிட்ட குடு," என்றார்.

சர்தார் பாஷா சொன்னதைச் செய்கிறவர். டின்னின் அடியில் மிச்சமிருந்ததை நீட்டினார். "இந்தாம்மா. நாக்குக்கு."

"எட்டு வருசமா எண்ணெய் போடாமத்தான் பாய் இது ஓடுது," என்றாள் ரங்கம்மாள். பிறகு சாயபுவிடம் திரும்பினாள். "அந்தக் கூலி முழுசா ஓணும் மொதலாளி. வூடும் ஓணும்."

"பொம்பளைக்கு முழுக்கூலி எந்த ஷாப்புல உண்டு?"

"அப்ப டின்னையே கேளுங்க, எந்தக் குழின்னு."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், வேலிமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அன்று புதிதாக இருநூறு தோல் சுண்ணாம்புக் குழியிலிருந்து கரையேறிக் கிடந்தது. பங்குனி வெயில். சாற்றில் இறங்காத பச்சைத் தோல் அந்த வெயிலில் யார் கௌரவத்துக்காகவும் காத்திருக்காது. பத்து மணிக்கு வாடை கிளம்பிற்று. பதினோரு மணிக்குச் சாயபு ஒரு முறை வாசலை எட்டிப் பார்த்தார். மத்தியான லுஹர் தொழுகைக்குப் போகுமுன் ஆள் அனுப்பினார்: முழுக்கூலி, வீடு இருக்கும், இந்தப் பேச்சு ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ போகக் கூடாது.

போயிற்று. அது வேறு விஷயம்.

சங்கத்து ஐயா தம் அறிக்கையைப் பிறகு அச்சிட்டார். குடி நின்ற முப்பத்தைந்து நாளில் உற்பத்தி ஒன்றேகால் பங்காயிற்று என்று அதில் இருந்தது. முந்நூறு தோல் வீணானதற்குக் காரணம் "பருவநிலை" என்று போட்டிருந்தது. ரங்கம்மாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை; அவர் கடிகாரம் சவ்வு சீவுகிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கூலிக்காரர்களில் பாதிப்பேர் அந்த வெள்ளிக்கிழமையே கடைக்குப் போனார்கள். பச்சையப்பன் போகவில்லை. சத்தியத்தில் மிச்சமிருந்த நாலு நாளையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். வேட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

முனிரத்தினத்தைச் சாயபு வெளியே அனுப்பவில்லை. பட்டை சுமக்க ஆள் குறைந்ததால் கூடை கொடுத்தார். முதல் வாரம் கூட்டம் அவனைச் சும்மா விடவில்லை. "நாக்கு மேஸ்திரி, கூடையில எத்தனை ருசி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவன் அடுத்த கூடைக்கு நடந்தான். ஒரு சாயங்காலம் தன் காசு கொடுத்துக் கடையில் ஓர் ஆழாக்கு வாங்கினான். ஓசியில் பதினோரு வருஷம் குடித்தது இதுதானா என்று முதல் வாயிலேயே திகைத்தான், அவ்வளவு கசப்பு. பாதியைத் தள்ளி வைத்தான். திருந்திவிட்டான் என்று சொல்வதற்கில்லை. அடுத்த வாரம் மறுபடி போனான், மறுபடி பாதி.

அதற்கு மறுநாள் காலை பட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குழிக்கரைக்கு வந்தபோது, ரங்கம்மாள் ஐந்தாம் குழியில் விரலை வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடவில்லை, உருட்டவில்லை. கிட்டே இருந்த பக்கம் துப்பினாள்.

"நேத்து குடிச்சியா?" என்று கேட்டாள்.

"பாதி."

"அப்ப உன் நாக்கை இன்னிக்குக் கேக்கமாட்டேன். அஞ்சுல கொட்டு."

அவன் ஐந்தில் கொட்டினான்.